கிழக்குக் கரைக்கு அப்பால் – 19: அமைதி வலயம் என்றொரு கடதாசி

1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அந்த ஜப்பானுக்கு மூன்று வருடங்கள் கழித்து ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் என்ன நேர்ந்தது என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். ஆனால் அந்தக் குண்டுகள் விழுந்த உடனேயே உலகம் அவற்றுக்கு எதிராகத் திரண்டுவிடவில்லை. அதற்கு இன்னும் ஒன்பது வருடங்கள் சென்றன. திரளவைத்தது ஒரு மீன்பிடிப் படகு. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் ஆழ்கடலுக்குப் போய்வருகிற குடும்பங்களுக்கு இந்தக் கதையை அதிகம் விளக்கத் தேவையில்லை.

1954 மார்ச் 1. பசுபிக் சமுத்திரத்தில் மார்ஷல் தீவுகளுக்குப் பக்கத்தில் 'டைகோ ஃபுகுர்யு மரு' என்ற ஜப்பானியப் படகு சூரை மீனுக்காகத் தூண்டில் வடம் விட்டிருந்தது. படகில் 23 பேர். விடியும் முன்னே மேற்குப் பக்கம் வானம் வெளுத்தது. சூரியன் மேற்கில் எழும்புமா என்று தளத்தில் நின்றவர்கள் திகைத்தார்கள். சில நிமிடங்கள் கழித்துத்தான் சத்தம் வந்தது. பிகினித் தீவில் அமெரிக்கா 15 மெகாதொன் வலுவுள்ள ஐதரசன் குண்டை வெடிக்க வைத்திருந்தது. போட்ட கணக்கைவிட இரண்டரை மடங்கு பெரிதாக அது வெடித்துவிட்டது. அபாய வலயம் என்று அமெரிக்கா குறித்திருந்த எல்லைக்கு வெளியேதான் படகு நின்றது.

பிறகு வானத்திலிருந்து வெள்ளைச் சாம்பல் கொட்டத் தொடங்கியது. அது தூளாகிப்போன பவளப்பாறை. தலைமயிரிலும் கழுத்திலும் காதுக்குள்ளும் அது படிந்தது. விட்ட வடத்தை விட்டுவிட்டு ஓட எந்த மீனவனுக்கு மனம் வரும்? சாம்பல் மழைக்குள்ளேயே மணிக்கணக்கில் நின்று வடத்தை இழுத்து, மீனை ஏற்றி, தளத்தில் படிந்ததை வெறுங்கையால் வழித்தெறிந்தார்கள். மார்ச் 14இல் யைசு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது தோல் கறுத்திருந்தது, மயிர் கொட்டிக்கொண்டிருந்தது. வானொலி இயக்குநர் குபோயாமா செப்டெம்பர் 23இல் இறந்தார். அதற்கு முன்பே அந்தப் படகின் மீன் சந்தைக்குப் போய்விட்டது. ஜப்பான் முழுக்க மீன் வாங்கப் பயந்த பெண்கள் தெருவுக்கு இறங்கினார்கள். தோக்கியோவின் சுகினாமி வட்டாரத்து இல்லத்தரசிகள் தொடங்கிய கையெழுத்து வேட்டை அடுத்த வருடத்துக்குள் மூன்று கோடியைத் தாண்டியது. 1955 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் முதலாவது உலக மாநாடு கூடியது. அணுவாயுத ஒழிப்பு இயக்கம் என்று இன்று நாம் சொல்வதன் வேர் மீன் சந்தையில் இருக்கிறது.

அந்தச் சாம்பல் கொட்டி இரண்டு மாதங்கூட ஆகவில்லை. ஏப்ரல் 28இல் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய ஐந்து நாடுகளின் பிரதமர்கள் கொழும்பில் கூடினார்கள். அழைத்தவர் சேர் ஜோன் கொத்தலாவல. இந்தோசீனப் போர்தான் முதல் விடயம். ஆயினும் ஐதரசன் குண்டுப் பரீட்சைகள் நிறுத்தப்பட வேண்டும் என்ற கோரிக்கையும் அறிக்கையில் இடம்பிடித்தது. பரீட்சைகளையாவது இப்போதைக்கு நிறுத்துங்கள் என்று நேரு டில்லிப் பாராளுமன்றத்தில் கேட்டு அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அமெரிக்காவின் நெருங்கிய நண்பர் என்று பெயரெடுத்த கொத்தலாவலவின் மேசையிலும் அந்தக் கோரிக்கை நிறைவேறியது என்பதுதான் கவனிக்க வேண்டியது. சுதந்திரம் பெற்று ஆறே வருடமான ஒரு நாடு குண்டு வைத்திருப்பவர்களைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சுகளில் அது ஒன்று.

இனி 1971. இந்த அத்தியாயத்தின் நடு அதுதான்.

அந்த வருடம் மார்ச் மாதம் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவு டியாகோ கார்சியாவில் வந்திறங்கியது. நமது கரையிலிருந்து தெற்கே, தென்மேற்காகச் சாய்ந்து, சுமார் 1900 கிலோமீற்றர் போனால் வரும் பவளத் தீவு அது. 1965இல் மொரீசியஸிலிருந்து சாகோஸ் தீவுக்கூட்டத்தைப் பிரித்தெடுத்த பிரித்தானியா, மறுவருடமே அதை அமெரிக்கப் பாவனைக்கு ஒப்பந்தம் பண்ணிக் கொடுத்தது. இந்து சமுத்திரத்தின் மேல் வல்லரசுகளுக்கு ஏன் அப்படியொரு கண்? அரபிக்கடலில் தாழ்ந்து நிற்கும் நீர்மூழ்கியிலிருந்து ஏவினால் சோவியத் ஒன்றியத்தின் உட்பகுதி ஏவுகணை எட்டும் தூரத்துக்குள் வந்துவிடும். எண்ணெய்க் கப்பல் பாதை அடுத்த காரணம். சூயஸுக்குக் கிழக்கே இருந்து பிரித்தானியா விலகிக்கொண்டிருந்தது, அந்த இடத்தைப் பிடிக்க இரண்டு பேர் போட்டியிட்டார்கள்.

ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தது. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு தப்பிப் பிழைக்க அமெரிக்கா, பிரித்தானியா, சோவியத் ஒன்றியம், இந்தியா, பாகிஸ்தான் என்று எல்லாப் பக்கமும் கைநீட்டி ஆயுதமும் ஹெலிகொப்டரும் வாங்கியது. அதே பிரதமர்தான் அதே வருடம் ஒக்டோபர் மாதம் ஐ.நா. பொதுச்சபையில் நின்று இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாகப் பிரகடனப்படுத்துங்கள் என்று கேட்டார். இதை முரண்பாடு என்று கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் வீட்டுக்குள் யாரெல்லாம் எவ்வளவு சுலபமாக நுழையலாம் என்பதை அந்த ஏப்ரலில் கண்ணால் கண்டவர் வேறு எதைத்தான் கேட்பார்? 1964இல் கெய்ரோ அணிசேரா மாநாட்டிலேயே இந்து சமுத்திரத்தை அணுவாயுதமற்ற கடலாக்கும் யோசனையை அவர் எழுப்பியிருந்தார், 1971 ஜனவரியில் சிங்கப்பூர் பொதுநலவாய மாநாட்டிலும் பேசியிருந்தார். ஒக்டோபரில் அது தீர்மான வடிவம் பெற்றது. தன்சானியா கூட நின்றது.

2832ஆம் இலக்கத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்த நாள் டிசம்பர் 16. ஆதரவு 61, எதிர்ப்பு ஒன்றுமில்லை, ஒதுங்கியோர் 55. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரித்தானியா, பிரான்ஸ் எல்லாம் ஒதுங்கிய பக்கம். அணுவாயுதம் வைத்திருந்தவர்களில் சீனா மட்டும் கையுயர்த்தியது. தளங்களை அகற்றுவது, அணுவாயுதங்களை இந்தக் கடலுக்குள் கொண்டுவராமல் விடுவது, இவை பற்றிக் கரையோர நாடுகளுடன் கலந்து பேசுங்கள் என்று வல்லரசுகளை அது கேட்டது. கேட்டது மட்டும்தான், கட்டளையிட அதற்கு வலுவில்லை.

அதே டிசம்பர் 16ஆம் திகதிதான் டாக்காவில் பாகிஸ்தான் படை இந்தியாவிடம் சரணடைந்தது. அணுசக்தியில் ஓடும் 'என்டர்பிரைஸ்' விமானந்தாங்கி, அமெரிக்காவின் அணியோடு, அப்போது வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்திருந்தது. கிழக்குக் கரையில் நின்று பார்த்தால் தெரியாத தூரம்தான். ஆனாலும் அது நம் கடல். நியூயோர்க்கில் அமைதி வலயம் என்று எழுதிய மை காயும் முன்னே அந்த வலயத்துக்குள் உலகின் மிகப் பெரிய போர்க்கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் போரின்போது பாகிஸ்தான் விமானங்களுக்குக் கட்டுநாயக்கவில் எரிபொருள் நிரப்ப இலங்கை இடங்கொடுத்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். டில்லி அதை நெடுநாள் மறக்கவில்லை.

தீர்மானத்தைச் செயலாக்க 1972இல் ஒரு விசேட குழு அமைந்தது, தலைமை இலங்கைக்கு. ஐ.நா.வில் நமது நிரந்தரப் பிரதிநிதியாயிருந்த ஷெர்லி அமரசிங்க அதை நடத்தினார். கடற்சட்ட மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. 1976 ஆகஸ்டில் கொழும்பு பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் கூடிய அணிசேரா உச்சிமாநாடு, ஆயுதக் களைவுக்கென்றே பொதுச்சபை ஒரு விசேட கூட்டம் நடத்த வேண்டும் என்று கேட்டது. 1978இல் அந்தக் கூட்டம் நடந்தது. அதற்குள் ஆட்சி மாறி, வெளிநாட்டமைச்சர் நாற்காலியில் அக்குறணை ஏ.சி.எஸ். ஹமீத் அமர்ந்திருந்தார். 1979 மார்ச்சில் அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை இலங்கை உறுதிப்படுத்தியதும் அவர் காலத்தில்தான்.

அமைதி வலயத்தைப் பற்றிப் பேச 1981இல் கொழும்பில் ஒரு மாநாடு என்று ஐ.நா. தீர்மானித்திருந்தது. மாநாடு நடக்கவே இல்லை. 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் இறங்கியதும் அமெரிக்காவுக்கு நல்ல சாட்டு கிடைத்தது. வருடா வருடம் ஒத்திவைத்து, 1989இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் பிரான்ஸும் குழுவை விட்டே எழுந்து போயின. வல்லரசுகளை மட்டும் குறைசொல்லிவிட்டு நாம் நகர முடியாது. 1974 மே 18இல் இந்தியா பொக்ரானில் குண்டு வெடித்தது. தென்னாசியாவை அணுவாயுதமற்ற வலயமாக்குவோம் என்று பாகிஸ்தான் ஐ.நா.வுக்கு ஓடியது, ஆனால் தானும் குண்டு செய்யும் வேலையில் ஏற்கெனவே இறங்கியிருந்தது. வெளியாரின் கப்பலைத் தடுக்க எல்லோரும் ஒற்றுமை, தன் குண்டு என்று வந்தால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நியாயம்.

அடுத்து வந்த பத்து வருடங்களில் நம் நாட்டுக்குள் நடந்ததை இந்தத் தொடரின் முந்திய அத்தியாயங்கள் சொல்லிவிட்டன. 1990இன் ஆகஸ்ட் மாதத்தைக் கடந்து வந்த கிழக்கு முஸ்லிமுக்கு, உலக சமாதானம் பற்றிக் கொழும்பின் பிரதிநிதிகள் நியூயோர்க்கில் பேசினார்கள் என்று சொன்னால் சிரிப்பு வராவிட்டால்தான் அதிசயம். 1995ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 17இல் பரவல் தடை ஒப்பந்தத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும் மாநாடு நியூயோர்க்கில் தொடங்கியது. தலைவர் ஜயந்த தனபால. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 19 அதிகாலை, திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படையின் இரண்டு கப்பல்களைப் புலிகள் தகர்த்தார்கள், மூன்றாம் ஈழப்போர் ஆரம்பமானது.

தனபால செய்தது லேசான காரியமல்ல. ஒப்பந்தம் 1970இல் நடைமுறைக்கு வந்தபோது அதற்கு 25 வருட ஆயுள். அதை என்றென்றைக்கும் நீட்டித்துவிட வேண்டும் என்பது அணு வல்லரசுகளின் அவசரம். நீட்டித்துவிட்டால் அவர்களைக் கட்டிப்போட எங்களிடம் என்ன மிஞ்சும் என்பது மற்றவர்களின் பயம். இருபத்தைந்து வரையான நாடுகளின் பிரதிநிதிகளைத் தனியறையில் உட்காரவைத்துப் பேசிப் பேசி, நீட்டிப்பு, மீளாய்வை இறுக்குதல், ஆயுதக் களைவுக்கான கொள்கைகள் ஆகிய மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டினார். அரபு நாடுகளைச் சம்மதிக்கவைக்க நான்காவதாக ஒன்றும் சேர்ந்தது. மத்திய கிழக்கை அணுவாயுதம் முதலிய பேரழிவு ஆயுதங்கள் இல்லாத வலயமாக்கும் அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவை அமெரிக்கா, ரஷ்யா, பிரித்தானியா. மே 11இல் எல்லாம் வாக்கெடுப்பின்றி நிறைவேறின.

நீட்டிப்பு அன்றே கிடைத்துவிட்டது. மத்திய கிழக்கு வலயம் முப்பது வருடமாகியும் கிடைக்கவில்லை. ஒப்பந்தத்தில் இஸ்ரேல் சேரவே இல்லை. தனபாலவின் திறமையை மெச்சுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் ஐ.நா. ஆயுதக் களைவுத் துறையின் துணைச் செயலாளர் நாயகமாகவும், பக்வொஷ் விஞ்ஞானிகள் அமைப்பின் தலைவராகவும் இருந்த அவரே, அணு வல்லரசுகள் 1995இல் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்று மேடைக்கு மேடை குறைப்பட்டார். 2023 மே மாதம் காலமானார்.

எனக்கு இந்தக் கதையில் பெரிய மனிதர் இன்னொருவர். நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி. நமது உயர் நீதிமன்றத்திலிருந்து மெல்பேர்ன் மொனாஷ் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1991இல் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குத் தெரிவானவர். அணுவாயுதத்தைப் பாவிப்பதோ பாவிப்பேன் என்று மிரட்டுவதோ சட்டத்துக்கு உகந்ததா என்று அந்த நீதிமன்றத்தைக் கேட்கவைத்ததும் சாதாரண ஆட்கள்தான். நியூசிலாந்தின் ஓய்வுபெற்ற நீதவான் ஹெரல்ட் எவன்ஸ் 1980களில் நாடு நாடாகக் கடிதம் எழுதித் தொடங்கிய முயற்சி 1994 டிசம்பரில் பொதுச்சபைத் தீர்மானமானது. 1995 நவம்பரில் ஹிரோஷிமா, நாகசாகி நகர முதல்வர்கள் நீதிபதிகள் முன் சாட்சி சொன்னார்கள். 1954இன் அந்தச் சாம்பல் விழுந்த ரொங்கெலாப் தீவிலிருந்து லிஜோன் எக்னிலாங் என்ற பெண் வந்தார். அவர் அன்று எட்டு வயதுச் சிறுமி. எலும்பில்லாமல், கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் தோலோடு தங்கள் தீவில் பிறந்த குழந்தைகளைப் பற்றி அந்தப் பெரிய மண்டபத்தில் சொன்னார்.

1996 ஜூலை 8இல் கருத்துரை வந்தது. அணுவாயுதப் பாவனை பொதுவாகச் சட்ட விரோதம், ஆனால் ஒரு நாடு அழிந்தேபோகும் நிலையில் தற்காப்புக்காகப் பாவித்தால் என்ன என்று தீர்மானமாகச் சொல்ல இயலவில்லை என்றது. நீதிபதிகள் ஏழுக்கு ஏழு பிரிந்து, தலைவர் அல்ஜீரியாவின் முஹம்மத் பெஜாவி தன் தீர்மான வாக்கைப் போட்டார். எதிர்த்த ஏழு பேரில் வீரமந்திரியும் ஒருவர். அந்த ஓட்டைகூட இருக்கக் கூடாது, எந்தச் சூழ்நிலையிலும் சட்ட விரோதமே என்பது அவருடைய வாதம்.

அந்த மாறுபட்ட தீர்ப்பு நீளமானது. யுத்தத்துக்கு எல்லை வைப்பது ஐரோப்பியர் கண்டுபிடித்த சமாச்சாரம் என்ற எண்ணத்தை அதில் அவர் உடைக்கிறார். இனத்தையே அழிக்கும் அஸ்திரத்தை இராமன் தம்பிக்கு மறுத்ததைக் காட்டுகிறார். அர்ச்சுனன் பாசுபதாஸ்திரத்தை அடக்கிவைத்ததைக் காட்டுகிறார். 1139இல் குறுக்குவில்லைக் கிறிஸ்தவத் திருச்சபைச் சங்கம் தடைசெய்ததைச் சொல்கிறார். இஸ்லாத்துக்கு வந்து, நஞ்சு தோய்த்த அம்பையும் வாளையும் ஈட்டியையும் இஸ்லாமிய யுத்தச் சட்டம் விலக்கியதையும், பெண்கள், குழந்தைகள், துறவிகள், வணக்கத்தலங்கள், பயிர்கள், கால்நடைகள் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு கொடுத்ததையும் எடுத்து வைக்கிறார். ஹஸ்ரத் அபூபக்கர் (ரழி) தன் படைக்குக் கொடுத்த கட்டளையை நமது ஊர்களில் ஜும்ஆ குத்பாவில் கேளாதவர் இல்லை. பயிரையும் கால்நடையையும் அழிக்காதே என்ற மார்க்கச் சட்டம் ஹேக் நீதிமன்றப் பதிவேட்டில் அணுகுண்டுக்கு எதிரான ஆதாரமாக ஏறியிருக்கிறது. ஏற்றியவர் ஒரு சிங்களக் கிறிஸ்தவர். 1988இலேயே இஸ்லாமிய சட்டவியலைச் சர்வதேச நோக்கில் ஆராய்ந்து தனி நூல் எழுதியவர் அவர். நமது மத்ரஸாக்களிலும் பல்கலைக்கழகங்களிலும் அந்த நூல் எத்தனை பேரின் கைக்குப் போனது என்று கேட்டால் சங்கடமாகத்தான் இருக்கும். தீர்ப்பு வந்து இரண்டு வருடங்களுக்குள், 1998 மே மாதம், இந்தியாவும் பாகிஸ்தானும் அடுத்தடுத்துக் குண்டு வெடித்தன. 'இந்துக் குண்டு', 'இஸ்லாமியக் குண்டு' என்று பத்திரிகைகள் எழுதின. குண்டுக்குக் கலிமா சொல்லிக்கொடுக்கப் பார்த்தவர்கள் வீரமந்திரியைப் படித்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

அணுவாயுத ஒழிப்பு முயற்சியின் ஒரு கிளை நம் கரைக்கு மிகக் கிட்ட வந்த நாள் ஒன்று உண்டு. அதைச் சொல்லவே மனம் கனக்கிறது.

1996இல் உருவான பூரண பரீட்சைத் தடை ஒப்பந்தம் களவாகக் குண்டு வெடிப்பவர்களைப் பிடிக்க உலகம் பூராவும் காவல் நிலையங்களை வைத்தது. நில அதிர்வைக் கேட்கும் கருவிகள், கடலுக்கடியில் ஒலி கேட்கும் கருவிகள், காற்றில் கதிர்த்தூசு தேடும் கருவிகள் என்று மொத்தம் 337 இடங்கள் திட்டத்தில் உண்டு. கண்டி பல்லேகல நிலையம் இதில் ஒரு துணை நிலையம். கடலொலி நிலையங்களில் ஒன்று டியாகோ கார்சியாவில். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய நம் நேரப்படி காலை 6.58க்குச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தபோது இந்த வலையமைப்பு அதைக் கேட்டது. டியாகோ கார்சியாவின் நீரொலிக் கருவிகள் அந்தப் பிளவு வடக்கு நோக்கி ஓடுவதையே பதிவு செய்தன. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மவுத்துகள். இரண்டு மணி நேரம் என்பது கரையிலிருந்து பிரதான வீதியைத் தாண்டி வயல் பக்கம் நடந்தே போய்ச் சேரப் போதுமான நேரம்.

கருவிகள் பிழை விடவில்லை. குண்டைத் தேடுவதற்கென்று வைத்த காதுகள் கேட்டதைச் சுனாமி எச்சரிக்கை நிலையங்களுக்குச் சொல்லும் ஏற்பாடு அன்று இல்லை, அவ்வளவுதான். அந்த அழிவுக்குப் பிறகுதான், 2005 மார்ச்சில் பரீட்சார்த்தமாகவும் 2006 நவம்பரில் நிரந்தரமாகவும், தரவுகளை எச்சரிக்கை நிலையங்களுக்கு நேரடியாகக் கொடுக்க உறுப்பு நாடுகள் ஒத்துக்கொண்டன. ஜப்பான், இந்தோனேசியா, அவுஸ்திரேலியா எல்லாம் இன்று அதைப் பாவிக்கின்றன. அந்த ஒப்பந்தமோ இன்னும் முறைப்படி அமுலுக்கு வரவில்லை. கையெழுத்திட்டு 27 வருடங்கள் கழித்து, 2023 ஜூலையில்தான் இலங்கை அதை உறுதிப்படுத்தியது.

அதே 2023இன் செப்டெம்பர் 19ஆம் திகதி அணுவாயுதத் தடை உடன்படிக்கையிலும் இலங்கை சேர்ந்தது. 2017 ஜூலை 7இல் 122 நாடுகள் வாக்களித்துப் பிறந்த உடன்படிக்கை அது. அதற்காக உழைத்த ஐகன் இயக்கம் அந்த வருடமே நொபெல் பரிசு பெற்றது. 2024இல் அதே பரிசு ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியவர்களின் 'நிஹோன் ஹிடாங்க்யோ' அமைப்புக்குப் போனது. ஆதரித்து வாக்களித்த இலங்கை சேர்வதற்கு ஆறு வருடம் எடுத்துக்கொண்டது. குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூடச் சேரவில்லை, சுமார் 12,000 குண்டுகள் இன்னும் அவர்கள் கையில்.

2025 மார்ச் கடைசியில் பி-2 குண்டுவீச்சு விமானங்கள் டியாகோ கார்சியாவில் வந்திறங்கின. அணுகுண்டு சுமக்கவென்றே செய்த இனம். மே 22இல் சாகோஸின் இறைமையை மொரீசியஸுக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் பிரித்தானியா கையெழுத்திட்டது, டியாகோ கார்சியாவை மட்டும் 99 வருடக் குத்தகைக்குத் தன்னிடமே வைத்துக்கொண்டு. ஆபிரிக்காவை அணுவாயுதமற்ற வலயமாக்கிய பெலிண்டாபா உடன்படிக்கையில் மொரீசியஸும் உறுப்பு நாடு. குத்தகைக் காணியில் என்ன வைக்கலாம், என்ன வைக்கக் கூடாது என்ற கேள்வி இனி அந்த இரண்டு ஒப்பந்தங்களுக்கும் நடுவே கிடக்கிறது. தளம் போடுவதற்காக 1968க்கும் 1973க்கும் இடையில் அந்தத் தீவுகளிலிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்ட சாகோஸ் மக்களைப் பற்றியும், 2021 ஒக்டோபரில் மீன்பிடிப் படகில் போய் அதே தீவில் மூன்று வருடங்கள் அகப்பட்டுக் கிடந்த இலங்கைத் தமிழ் அகதிகளைப் பற்றியும் அடுத்த அத்தியாயத்தில் எழுதுகிறேன்.